ஆங்கிலப் பன்மையில் எஸ் போடாத சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் வீட்டிலேயே ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள், பிள்ளையை விட வந்த இடத்தில் வாசலில் நின்றபடியே ஒரு சந்தேகம் கேட்டுவிட்டுப் போகிற அம்மாக்கள் என்று பல பேர் வருகிறார்கள். எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: எந்தச் சொல்லுக்கு எஸ் போடணும், எதற்குப் போடக்கூடாது? ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கும், வாய்விட்டுப் படித்தால் காதிலும் பதியும்.

மிஸ், எஸ் போட்டா பன்மை, அவ்வளவுதானே? சிலதுக்கு மட்டும் ஏன் வேற மாதிரி?

பெரும்பாலும் அவ்வளவுதான். புதிதாக ஆங்கிலத்துக்குள் வரும் சொற்களும் பெரும்பாலும் எஸ் போட்டுக்கொள்ளும், நம்ம 'கட்டுமரம்' அங்கே போய் 'கேட்டமரான்' ஆகி, பன்மையில் 'கேட்டமரான்ஸ்' ஆன மாதிரி. ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் பன்மைக்கு ஒரு வழி இல்லை, பல வழிகள் இருந்தன. சில சொற்களுக்குக் கடைசியில் 'அஸ்', சிலவற்றுக்கு 'அன்', சிலவற்றுக்கு உள்ளே இருக்கும் உயிரெழுத்து மாறும், சிலவற்றுக்கு எதுவுமே மாறாது. நாளடைவில் 'அஸ்' ஜெயித்தது. இன்றைய எஸ் அதன் வாரிசு.

மற்ற வழிகள் முழுதாக அழியவில்லை. ஆண், பெண், குழந்தை, கால், பல், எலி, ஆடு என்று வீட்டிலும் வயலிலும் தினமும் புழங்கிய சொற்கள் பழைய வழியிலேயே நின்றுவிட்டன. குழந்தை பேசப் பழகும்போதே காதில் விழுகிற சொல்லை யாரும் மாற்ற மாட்டார்கள். அதனால்தான் விதிவிலக்கெல்லாம் அரிய சொற்களில் இல்லாமல் ரொம்பச் சாதாரணமான சொற்களில் இருக்கிறது. இவற்றைத் தாறுமாறான பட்டியலாகப் பார்க்காதீர்கள். குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பார்த்தால் சுலபமாக நினைவில் நிற்கும்.

'ஃபுட்' எப்படி 'ஃபீட்' ஆச்சு? நடுவுல இருக்கிற சத்தம் எப்படி மாறும்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. நம் பேச்சையே கவனியுங்கள். 'இலை' என்று எழுதுகிறோம், 'எலை' என்று பேசுகிறோம். 'உலகம்' பேச்சில் 'ஒலகம்'. அடுத்து வரப்போகும் உயிரொலிக்கு நாக்கு முன்கூட்டியே தயாராவதால் முதல் ஒலி மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் நடந்ததும் இந்த ஜாதிதான், மாறிய திசை மட்டும் வேறு. ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் 'கால்' என்பது 'ஃபோட்' போல ஒலித்தது, அதன் பன்மையின் வாலில் ஓர் 'இ' இருந்தது. அந்த 'இ'க்காக நாக்கு முன்னால் நகர, 'ஓ' மெல்ல மெல்ல 'ஏ' ஆனது. பிறகு வால் தேய்ந்து விழுந்துவிட்டது. மாறிய உயிர் மட்டும் மிஞ்சி, அதுவே பன்மையின் அடையாளமாகிவிட்டது. அந்த 'ஏ' பின்னாளில் 'ஈ'யாக உயர்ந்ததால் இன்று 'ஃபீட்'.

இந்தக் குடும்பத்தில் மொத்தம் ஏழே பேர்: மேன்–மென், உமன்–விமின், ஃபுட்–ஃபீட், டூத்–டீத், கூஸ்–கீஸ், மவுஸ்–மைஸ், லவுஸ்–லைஸ். கடைசிச் சொல் பேன். முன்பு 'புக்' கூட இதே குடும்பத்தில்தான் இருந்தது, அதற்கும் உயிர் மாறும் பன்மை இருந்தது. பின்னாளில் எஸ் பக்கம் போய்விட்டது.

அப்ப 'மூஸ்' பன்மை 'மீஸ்'ஸா? 'மங்கூஸ்' பன்மை 'மங்கீஸ்'ஸா?

இரண்டும் இல்லை. மேலே சொன்ன மாற்றம் நடந்து முடிந்த பிறகு வெளியிலிருந்து வந்த சொற்கள் இவை. 'மூஸ்' வட அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது. அது ஒரு பெரிய மான் வகை, ஒன்றானாலும் பத்தானாலும் மூஸ்தான். 'மங்கூஸ்' நம்ம கீரி. சொல் மராத்தியிலிருந்து போனது. அதற்கும் வாத்து இனத்து 'கூஸ்'ஸுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பன்மை 'மங்கூஸஸ்'.

இதே பொறி 'ஜெர்மன்' என்ற சொல்லிலும் உண்டு. அதில் இருப்பது 'மேன்' இல்லை. அதனால் 'ஜெர்மன்ஸ்', 'ஹ்யூமன்ஸ்', 'ரோமன்ஸ்'. ஆனால் 'போலீஸ்மேன்', 'ஃபிஷர்மேன்' போன்றவற்றில் உண்மையிலேயே 'மேன்' இருக்கிறது, அங்கே 'மென்' ஆகும்.

பெண்ணுக்கு எழுதும்போது கடைசி எழுத்துதான் மாறுது. படிக்கும்போது ஏன் முதல் பாதி மாறுது?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். எழுத்தில் ஏ போய் இ வருகிறது, ஒலியில் 'வு' போய் 'வி' வருகிறது. பழைய சொல் 'வீஃப்மன்'. அதில் 'வீஃப்' என்றாலே பெண் என்று பொருள், இன்றைய 'ஒய்ஃப்' அதிலிருந்துதான் வந்தது. ஒருமையில் அந்த 'வீ' மழுங்கி 'வு' ஆகிவிட்டது, பன்மையில் 'வி'யாகவே தங்கியது. எழுதுகிறபோது ஒருமையின் எழுத்தையே பன்மைக்கும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு 'உமன்', இரண்டு 'விமின்'. இரண்டையும் 'உமன்' என்றே சொன்னால் கேட்பவருக்கு ஒருத்தியா பலரா என்றே தெரியாது.

'சில்ட்ரன்'க்கு மேல எஸ் போடக்கூடாதுன்னு சொன்னீங்க. காலண்டர்ல 'சில்ட்ரன்ஸ் டே'ன்னு போட்டிருக்கே?

நவம்பர் 14-ஆம் தேதிக்குக் கீழே போட்டிருக்கும் அந்த எஸ் பன்மை எஸ் இல்லை. 'குழந்தைகளுடைய நாள்' என்பதில் வரும் 'உடைய' அது. அதனால்தான் எஸ்ஸுக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் குறி தொங்கும். 'விமின்ஸ் காலேஜ்' என்பதும் அப்படித்தான். குறி எஸ்ஸுக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் வந்தால் தப்பு.

'சில்ட்ரன்' பற்றி இன்னொன்று. அது ஏற்கெனவே இரட்டைப் பன்மை. முன்பு 'சில்டர்' என்றாலே குழந்தைகள்தான். காலப்போக்கில் அந்த 'அர்' பன்மை மாதிரித் தோன்றாமல் போக, 'ஆக்ஸ்–ஆக்ஸன்' மாதிரி ஓர் 'அன்'னையும் சேர்த்தார்கள். நாமும் இதைத்தான் செய்தோம். 'அவர்' என்பதே பலரைக் குறிக்கும் சொல். அது மரியாதைக்காக ஒருவருக்கும் வந்தபிறகு, பலரைச் சொல்லக் 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்றோம். தொல்காப்பியம் 'கள்' விகுதியை அஃறிணைக்குத்தான் சொல்கிறது. 'அவர்கள்' பின்னால் வந்த வழக்கம். 'அவர்கள்' உங்களுக்கு உறுத்தவில்லை என்றால் 'சில்ட்ரன்' மட்டும் ஏன் உறுத்த வேண்டும்?

'நைஃப்' 'நைவ்ஸ்' ஆகுது. 'ரூஃப்' மட்டும் ஏன் 'ரூஃப்ஸ்'? விதி என்னதான்?

பழைய ஆங்கிலத்தில் எஃப் என்ற எழுத்து இரண்டு உயிர்களுக்கு நடுவிலோ, 'ல்' போன்ற ஒலிக்கும் உயிருக்கும் நடுவிலோ வந்தால் 'வ்' என்று ஒலித்தது. இது தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. 'கடல்' என்பதில் வரும் கவும் 'அகம்' என்பதில் வரும் கவும் ஒரே எழுத்து, நடுவில் வரும்போது மென்மையாகிவிடுகிறது. அதே கதைதான் இதுவும். 'ஓநாய்' ஒருமையில் 'வுல்ஃப்', பன்மையில் 'அஸ்' சேர்ந்து 'வுல்வஸ்'. பிற்காலத்தில் அந்த ஒலிக்குத் தகுந்தபடி வி போட்டு எழுதத் தொடங்கினார்கள். நைஃப், ஒய்ஃப், லைஃப், லீஃப், லோஃப், தீஃப், ஹாஃப், காஃப், ஷெல்ஃப், செல்ஃப், வுல்ஃப், ஷீஃப், எல்ஃப் எல்லாம் இந்தக் கூட்டம்.

'சீஃப்', 'பிரீஃப்', 'க்ரீஃப்', 'ப்ரூஃப்' எல்லாம் பிரெஞ்சிலிருந்து பின்னால் வந்தவை, அவை எஸ்ஸோடு நின்றுவிட்டன. 'கிளிஃப்' மாதிரி இரண்டு எஃப் வந்தாலும் எஸ்தான். 'ரூஃப்' மட்டும் பழைய சொல்லாக இருந்தும் மற்றவற்றைப் பார்த்து எஸ்ஸுக்கு மாறிவிட்டது, அதைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 'ஸ்கார்ஃப்', 'ஹூஃப்', 'ட்வார்ஃப்' மூன்றுக்கும் இரண்டு வடிவமும் அகராதியில் உண்டு. 'ஹவுஸ்' என்ற சொல்லிலும் இதே மாற்றம் ஒளிந்திருக்கிறது. ஒருமையில் பாம்பு சீறும் 'ஸ்', பன்மையில் அதே இடத்தில் தேனீ ரீங்காரம். எழுத்தில் காட்டாததால் பல பேர் கவனிப்பதில்லை.

நான் டொராண்டோவுல இருக்கேன் அக்கா. இங்க ஹாக்கி டீம் பேரு 'மேப்பிள் லீஃப்ஸ்'. 'லீவ்ஸ்'னு தானே வரணும்?

1927-லிருந்து அந்த அணிக்கு அந்தப் பெயர்தான், அது தப்பும் இல்லை. மரத்தில் தொங்கும் இலைகள் என்றால் 'லீவ்ஸ்'. இங்கே 'மேப்பிள் லீஃப்' ஓர் அணியின் பெயர். பெயராகிவிட்ட சொல் தன் பழைய பன்மையை விட்டுவிட்டுச் சாதாரணமாக எஸ் எடுத்துக்கொள்ளும். ஓவியத்தில் பூச்சாடி, பழத்தட்டு வரைவதை 'ஸ்டில் லைஃப்' என்பார்கள். அப்படி இரண்டு படங்கள் இருந்தால் 'ஸ்டில் லைஃப்ஸ்', 'லைவ்ஸ்' இல்லை.

கம்ப்யூட்டர் 'மவுஸ்' ரெண்டு இருந்தா?

'மைஸ்', 'மவுஸஸ்' இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன. முந்தைய பதிலில் சொன்ன அதே இழுபறிதான் இங்கேயும். எலியாக நினைத்தால் 'மைஸ்', வேறு ஒரு பொருளாக நினைத்தால் 'மவுஸஸ்'. நான் 'மைஸ்' என்றே சொல்லித்தருகிறேன், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தமிழ்ல 'பத்து மாடு'ன்னு சொல்றோம். 'டென் கவ்'னு சொன்னா என்ன தப்பு?

தமிழ் நினைப்பில் தப்பே இல்லை. எண் முன்னால் இருந்தால் தமிழுக்கு 'கள்' கட்டாயம் கிடையாது. நன்னூல் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது: 'மாடு வந்தது' என்றால் ஒன்று, 'மாடு வந்தன' என்றால் பல, வினைதான் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலம் அப்படி விடாது. எண்ணைச் சொன்ன பிறகும் பெயரில் பன்மை கேட்கும். நம் பிள்ளைகள் எஸ்ஸை விட்டுவிடுவது கவனக்குறைவால் அல்ல, தாய்மொழிப் பழக்கத்தால் என்று தெரிந்துகொண்டால் திட்டாமல் திருத்தலாம்.

ஆனால் ஆங்கிலத்திலும் பால்பகாப் பெயர்கள் உண்டு. ஷீப், டியர், ஏர்கிராஃப்ட், சீரீஸ், ஸ்பீஷீஸ், ஆஃப்ஸ்பிரிங் எல்லாம் ஒன்றுக்கும் பலவுக்கும் ஒரே உரு. அங்கேயும் வினையைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். ஷீப்பும் டியரும் பழைய ஆங்கிலத்திலேயே பன்மை விகுதி எடுக்காத கூட்டத்தைச் சேர்ந்தவை. மீனுக்கு 'ஃபிஷ்' போதும். பல இன மீன்களைப் பிரித்துப் பேசும்போது மட்டும் 'ஃபிஷஸ்' வரும்.

'ஃபர்னிச்சர்ஸ்'னு கடை போர்டுலயே இருக்கு. அது எப்படித் தப்பாகும்?

போர்டில் இருக்கிறது, ஆனாலும் பரீட்சையில் தப்புதான். ஷீப்பும் ஃபர்னிச்சரும் வேறு வேறு. ஷீப்பை எண்ணலாம், 'த்ரீ ஷீப்' என்று சொல்லலாம். ஃபர்னிச்சரை எண்ண முடியாது, 'த்ரீ ஃபர்னிச்சர்' என்றும் சொல்ல முடியாது, 'த்ரீ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' என்று சுற்றி வர வேண்டும். நாம் 'மூன்று அரிசி வாங்கினேன்' என்று சொல்லாமல் 'மூன்று கிலோ அரிசி' என்கிற மாதிரி. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் எல்லாம் இந்த வகை.

தலைமுடி 'ஹேர்', எவ்வளவு நீளமானாலும் எஸ் இல்லை. சாம்பாரில் இரண்டு முடி கிடந்தால் மட்டும் 'டூ ஹேர்ஸ்', ஏனென்றால் அப்போது எண்ணுகிறீர்கள். ஆபீஸில் 'ஃபைவ் ஸ்டாஃப்ஸ்' என்று சொல்கிறவர்கள் 'ஃபைவ் ஸ்டாஃப் மெம்பர்ஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டாஃப் என்பதே மொத்தக் கூட்டத்துக்கான பெயர்.

ஸ்கூல் வாட்ஸப் குரூப்ல எல்லாரும் 'ஐ ஆம் ஆன் அலும்னி'ன்னு போடறாங்க. சரியா?

'அலும்னி' பன்மை, 'முன்னாள் மாணவர்கள்' என்று பொருள். ஓர் ஆண் 'அலும்னஸ்', ஒரு பெண் 'அலும்னா', பெண்கள் மட்டும் சேர்ந்தால் 'அலும்னீ'. இது லத்தீன் குடும்பம், சொல்லோடு பன்மையையும் கூடவே இறக்குமதி செய்துகொண்ட சொற்கள். வாலைப் பார்த்தால் போதும். 'அஸ்' என்று முடிந்தால் பல நேரம் 'ஐ': ஃபங்கஸ்–ஃபங்கை, ரேடியஸ்–ரேடியை. 'அம்' என்று முடிந்தால் 'ஆ': பாக்டீரியம்–பாக்டீரியா. 'இஸ்' 'ஈஸ்' ஆகும்: கிரைசிஸ்–கிரைசீஸ், அனாலிசிஸ்–அனாலிசீஸ். கிரேக்கத்திலிருந்து வந்த 'ஆன்' 'ஆ' ஆகும்: கிரைட்டீரியன்–கிரைட்டீரியா, ஃபினாமினன்–ஃபினாமினா. இன்டர்வியூவில் 'ஒன் கிரைட்டீரியா' என்று சொல்லி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

எல்லாவற்றிலும் இவ்வளவு கறார் தேவையில்லை. 'டேட்டா' இலக்கணப்படி 'டேட்டம்' என்பதன் பன்மை, ஆனால் தினசரிப் பேச்சில் ஒருமையாகவே நிலைத்துவிட்டது. 'அஜெண்டா' இன்னும் ஒரு படி மேலே. லத்தீனில் பன்மையாக இருந்தது இப்போது ஒருமையாகி, 'அஜெண்டாஸ்' என்று புதுப் பன்மையே எடுத்துக்கொண்டது.

அப்ப 'ஆக்டோபஸ்' 'ஆக்டோபை'யா? 'வைரஸ்' 'வைரை'யா? 'பஸ்' 'பை'யா?

மூன்றுமே வேண்டாம். முந்தைய பதிலில் 'பல நேரம்' என்று சொன்னது இதற்காகத்தான். ஆக்டோபஸ் கிரேக்கச் சொல், 'எட்டுக் கால்' என்று பொருள். லத்தீன் வாலை அதில் ஒட்டுவது பொருத்தமில்லை, 'ஆக்டோபஸஸ்' என்றே எழுதுங்கள். வைரஸ் லத்தீன்தான், ஆனால் அங்கே அதற்கு விஷம் என்று பொருள், எண்ணும் பெயரே அல்ல. அதனால் 'வைரஸஸ்'. 'சிலபஸ்' கதை இன்னும் விசித்திரம். 15-ஆம் நூற்றாண்டில் பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களை அச்சடித்தபோது ஒரு கிரேக்கச் சொல் பிழையாகி, அந்தப் பிழையே சொல்லாக நிலைத்தது. அதற்கு 'சிலபை', 'சிலபஸஸ்' இரண்டும் ஏற்கப்படுகின்றன.

பஸ் விஷயம்தான் இருப்பதிலேயே அழகானது. லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. நம்ம ஊர் ஆம்னி பஸ்ஸில் அந்த முழுச்சொல்லும் இன்னும் இருக்கிறது. அதில் 'பஸ்' என்பது நான்காம் வேற்றுமை உருபின் வால், அதாவது நம்ம 'கு'வுக்குச் சமம். உருபின் துண்டை வெட்டி எடுத்து ஒரு வண்டிக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அதற்கு லத்தீன் பன்மை தேடினால் எங்கே கிடைக்கும்? 'பஸஸ்', அவ்வளவுதான்.

மாமியார் ரெண்டு பேர்னா 'மதர்-இன்-லாஸ்'ஸா?

'மதர்ஸ்-இன்-லா'. யார் பலரோ அந்தச் சொல்லில் எஸ். இங்கே பலராக இருப்பது மதர், லா இல்லை. 'பாஸர்ஸ்-பை', 'கமாண்டர்ஸ்-இன்-சீஃப்' இரண்டும் இதே கணக்கு. 'ஸ்பூன்ஃபுல்' மட்டும் 'ஸ்பூன்ஃபுல்ஸ்'. ஒரே கரண்டியால் மூன்று தடவை மருந்து ஊற்றினாலும் அதே சொல், எண்ணுவது அளவை, கரண்டியை இல்லை.

'சிக்ஸ் ஃபீட்'னு படிச்சிட்டு 'சிக்ஸ் ஃபுட் லேடர்'னு எழுதறாங்க. எது சரி?

இரண்டும் சரி. 'ஏணி ஆறு அடி உயரம்' என்று சொன்னால் 'சிக்ஸ் ஃபீட்'. 'ஆறடி ஏணி' என்று ஏணிக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் 'சிக்ஸ்-ஃபுட்'. ஆங்கிலத்தில் அடைமொழி பன்மை எடுக்காது. 'டென்-ருப்பீ நோட்', 'ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்' எல்லாம் அதனால்தான். ஒரு பையன் நோட்டில் 'டென் ருப்பீஸ் நோட்' என்று எழுதியிருந்தான். அவன் சட்டைப் பையிலிருந்த பத்து ரூபாயையே வெளியே எடுக்கச் சொல்லி மேஜையில் வைத்தேன். 'இது என்ன?' 'நோட்டு.' 'எத்தனை?' 'ஒண்ணு.' 'அப்ப எஸ் யாருக்கு?' கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான், பிறகு அவனே ரப்பரை எடுத்து அழித்தான்.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' எல்லாரும் சொல்றாங்களே?

சொல்கிறார்கள், தப்பு. இங்கே தமிழே உங்களுக்கு உதவும். 'என் நண்பரில் ஒருவர்' என்று சொல்வீர்களா? 'என் நண்பர்களில் ஒருவர்' என்றுதானே சொல்வீர்கள்? ஆங்கிலத்திலும் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'. வினை ஒருமையில் வரும், ஏனென்றால் பேச்சு அந்த ஒருவரைப் பற்றியது.

என் பொண்ணுக்கு நாலு வயசு. முன்னாடி 'ஃபீட்'னு சரியாச் சொன்னா, இப்ப 'ஃபுட்ஸ்'ங்கறா. மறந்துட்டாளா?

மறக்கவில்லை, விதியைக் கண்டுபிடித்துவிட்டாள். முன்பு 'ஃபீட்' என்றது கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னது. இப்போது எஸ் சேர்த்தால் பன்மை என்று தானாகவே புரிந்துகொண்டு எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கிறாள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளிடம் பறவை மாதிரி ஓர் உருவத்தைக் காட்டி, 'இது வக்' என்றார். அப்படி ஒரு சொல்லே கிடையாது. பிறகு இரண்டு உருவங்களைக் காட்டிக் கேட்டபோது பிள்ளைகள் 'வக்ஸ்' என்றார்கள். யாரும் சொல்லித்தராத சொல்லுக்கு அவர்களே பன்மை அமைத்தார்கள். உங்கள் பெண்ணும் அதைத்தான் செய்கிறாள், திட்டாதீர்கள். அவள் 'ஃபுட்ஸ் வலிக்குது' என்றால், 'ஃபீட் வலிக்குதா?' என்று நீங்கள் சரியாகத் திருப்பிக் கேட்டால் போதும்.

ரெண்டு வடிவமும் சரின்னு சொல்றீங்க. பரீட்சையில எதை எழுதறது?

பாடப்புத்தகத்தில் எது இருக்கிறதோ அதை எழுதுங்கள். மாம்பழத்துக்கு 'மேங்கோ'வில் எஸ் மட்டும் போட்டாலும் சரி, இ-எஸ் போட்டாலும் சரி. நம்ம 'மாங்காய்' போர்ச்சுகீசியர் வழியாகப் போய்ச் சேர்ந்த சொல் அது. ஆனால் 'பொட்டேட்டோ', 'டொமேட்டோ', 'ஹீரோ' மூன்றுக்கும் இ-எஸ் கட்டாயம், 'ஃபோட்டோ', 'பியானோ' இரண்டுக்கும் எஸ் மட்டும். புத்தகத்தில் இல்லாத சொல் வந்தால் அகராதி முதலில் கொடுத்திருக்கும் வடிவத்தை எடுத்துக்கொண்டு, விடைத்தாள் முழுக்க அதையே எழுதுங்கள். மேலே 'சிலபை', கீழே 'சிலபஸஸ்' என்று ஒரே தாளில் இரண்டும் இருந்தால் திருத்துகிறவர் இரண்டையும் சந்தேகப்படுவார்.